பைரைட் அமோனைட்டுகள் மாரியில் உதிர்கின்றன: மட்டக்களப்பில் வைத்துக் காப்பாற்ற வழி உண்டா?

கல்லடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் டோர்செட் கடற்கரையில் பொறுக்கிய அமோனைட்டுகள் (பழைய காலத்துக் கடற்பிராணியின் கல்லாகிப்போன ஓடு) சிலதைக் கொண்டுவந்து தருவார். எல்லாம் சின்னது. பெரியது என்றால் மூன்று சென்ரிமீற்றர் வரும். சுருள் சுருளாக, வரிவரியாக, பித்தளை நிறத்தில் மின்னும். இவற்றைப் பார்த்துத்தான் எனக்குக் கல் சேர்க்கும் ஆசையே வந்தது.

ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள் பஞ்சு விரித்து அடுக்கியிருந்தேன். போன மாரி முடிந்து தை மாதம் தூசி தட்ட எடுத்தபோது சில கற்களில் வெள்ளையும் இளமஞ்சளுமாக ஏதோ மா பூத்திருந்தது. கிட்டப் பிடித்தால் கந்தக வாடை. ஒரு கல் நடுவால் வெடித்துவிட்டது. அதன் கீழே வைத்த பெயர்த்துண்டு பழுப்பாகி, தொட்டதும் நொறுங்குகிறது. பக்கத்து வீட்டு மாமா இது கடற்காற்று உப்பு, தேங்காயெண்ணெய் பூசு என்கிறார். நண்பி ஒருத்தி நிறமில்லாத நகப்பூச்சு பூசச் சொல்கிறாள். இன்னும் எதையும் பூசவில்லை. இது என்ன? மற்றக் கற்களுக்கும் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏறாவூர் சேர் எழுதியது:

தங்கச்சி, எதையும் பூசாமல் இருப்பது நல்லது. முதல் வேலையாக மா பூத்த கற்களை மற்றவற்றில் இருந்து பிரித்து வேறு பெட்டியில் வையுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். மற்றதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

இது உப்பு இல்லை. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனியம். ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணு. காற்றில் உள்ள ஒட்சிசனும் நீராவியும் சேர்ந்து அதைத் தாக்கினால் இரும்புச் சல்பேற்றும் சல்பூரிக்கமிலமும் உண்டாகும். நீங்கள் கண்ட மா அந்தச் சல்பேற்று. பெயர்த்துண்டை அரித்தது அமிலம். சல்பேற்றுக்கு பைரைட்டை விடக் கூடிய இடம் வேண்டும். கல்லின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் அது வளரும்போது உள்ளிருந்து நெம்பிப் பிளக்கிறது. சேகரிப்பாளர்கள் இதைப் பைரைட் நோய் என்பார்கள். இதில் கிருமி எதுவும் இல்லை. ஆனால் அந்த அமிலமும் பொடியும் பக்கத்தில் இருப்பதை எல்லாம் கெடுக்கும். சங்கு, சிப்பி போன்ற சுண்ணாம்புப் பொருள் பக்கத்தில் இருந்தால் அதையும் அரிக்கும்.

பெரிய கனசதுரப் பளிங்காக இருக்கும் பைரைட்டுக்கு இந்தக் கஷ்டம் அதிகம் இல்லை. உயிர்ச்சுவடுகளில் இருப்பது பெரும்பாலும் நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் சிறு மணிகளின் கொத்து. மேற்பரப்பும் கூட, நீராவி புகும் இடமும் கூட. அதனால்தான் ஒரே கனியம் என்றாலும் ஒன்று நூறு வருடம் மின்னுகிறது, மற்றது ஒரு மாரியில் உதிர்கிறது.

சாரீரப்பதன், அதாவது காற்றில் உள்ள ஈரத்தின் அளவு, 60 வீதத்தைத் தாண்டினால் இந்தத் தாக்கம் வேகம் பிடிக்கும். 50க்குக் கீழே நன்றாகத் தணியும். 30க்கும் 45க்கும் இடையில் வைத்தால் நிம்மதி. கச்சான் வீசும் ஆடி மாதப் பகலில் நம்மூர் காற்று ஓரளவு காய்ந்திருக்கும். மாரியில், அதுவும் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று கிடக்கும் கல்லடியில், 80க்கு மேலே நிற்பது புதினமில்லை. இப்போது நன்றாக இருக்கும் கற்களுக்கும் அந்தக் காற்றுத்தான். ஆகவே வரும் மாரிக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

லண்டன் மட்டுநகரான் எழுதியது:

நான் பிறந்தது கோட்டைமுனை, இருப்பது இங்கிலாந்தில். குளிர்காலம் வந்தால் சாமத், லைம் ரீஜிஸ் பக்கம் போய் இந்தக் கற்களைத் தேடுவது என் பெரிய விருப்பம். உங்கள் சித்தப்பாவின் கற்களும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

அந்தக் கரையில் மலையே சாம்பல் நிறக் களி. ஜுராசிக் காலத்தின் முற்பகுதி, சுமார் 190 மில்லியன் வருடப் பழமை. மாரிப் புயல் அடித்து மழை ஊறினால் களி சரிந்து கடலுக்குள் இறங்கும். அலை களியைக் கரைத்துக்கொண்டு போகும், பாரமானது மிஞ்சும். பைரைட் தண்ணீரை விட ஐந்து மடங்கு பாரம். அதனால் நீர் வற்றும் நேரத்தில் கூழாங்கற்களுக்கு இடையில், பாரமான பொருள் எல்லாம் ஒதுங்கும் சில இடங்களில் மட்டும் அமோனைட்டும் கிடக்கும். துருப்பிடித்த ஆணியும் இரும்புத் துண்டும் கிடக்கும் இடத்தில் குனிந்து தேடுங்கள் என்று பழையவர்கள் சொல்வார்கள். லைம் நகரின் பழைய குப்பைமேடு ஒன்று அந்தக் களியோடு சரிந்திருப்பதால் அங்கே இரும்புக்குக் குறைவில்லை. 2008இல் நடந்த பெரிய சரிவுக்குப் பிறகு இன்னும் கூட.

கண் பழகும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சுருள் கண்ணில் பட்டால், அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று தெரியும். எகியோசெராஸ் என்ற வகை எனக்குப் பிடித்தது. பல சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் தடித்த வரிகள் இடைவெளி விட்டு நிற்கும்.

அங்கே கரையில் உதிரியாகக் கிடப்பதை எடுக்கலாம். மலையைத் தோண்டக் கூடாது. அறிவியலுக்கு முக்கியமானது என்று தோன்றினால் சாமத் மரபுரிமைக் கரை நிலையத்தில் பதிய வேண்டும். அந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன். 2001இல் இருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள கரை அது. மேரி அன்னிங் (1799–1847) என்ற ஏழைப் பெண் கல் பொறுக்கி விற்று வயிறு வளர்த்து, உலகின் உயிரியல் வரலாற்றையே மாற்றியதும் அதே மலையடிவாரத்தில்தான்.

தங்கச்சியின் பக்கத்து வீட்டு மாமா சொன்னதில் பாதி உண்மை. கடலில் எடுத்த கல்லில் உப்பு இருக்கும். உப்பு காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக் கல்லுக்குக் கொடுக்கும். ஆகவே நாங்கள் எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பல தடவை தண்ணீர் மாற்றி, பிறகு முழுதாக உலர்த்துவோம். சித்தப்பா இதைச் செய்தாரா என்று கேளுங்கள். ஆனால் இது புதிதாக எடுத்த, இன்னும் மா பூக்காத கல்லுக்கு மட்டும். நோய் பிடித்த கல்லைத் தண்ணீரில் போட்டால் அமிலம் உள்ளே இறங்கும்.

கல்முனை ஸ்டூடியோ எழுதியது:

ஸலாமும் வணக்கமும். எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஈரத்தைப் பற்றித் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் படப்பிடிப்புத் தொழில். கல்முனையில் கமெரா லென்சை அலுமாரியில் வைத்தால் மாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் இந்த வேலை எங்களுக்குப் பழக்கம்.

சாப்பாட்டுச் சாமான் வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டி, நாலு பக்கமும் கிளிப், மூடியில் இறப்பர் வளையம் உள்ளதாக வாங்குங்கள். மூடியபின் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரக் கூடாது. உள்ளே சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். கடையில் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் குட்டிப் பொட்டலம் போதாது, கிலோக் கணக்கில் விற்கும் மணி வேண்டும். நிறம் மாறும் வகை நல்லது. நீலம் இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் பச்சையாகும். நீலத்தில் கோபால்ற் குளோரைட் இருக்கிறது, நச்சு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செம்மஞ்சளே நல்லது. நிறம் மாறினால் 120 பாகை அளவில் ஒரு பழைய அவணில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். சமைக்கும் அவணில் வேண்டாம். வெயிலில் போட்டு எடுப்பது போதாது. வெயில் எவ்வளவு சுட்டாலும் எங்கள் காற்றில் ஈரம் இருக்கிறதே.

உள்ளே ஒரு சின்ன ஈரமானி வையுங்கள். மலிவானது பொய் சொல்லும், அதனால் முதலில் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு ஒரு இறுக்கமான பைக்குள் ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் ஐந்தைக் கழித்து வாசியுங்கள். இது லென்ஸ்காரர் எல்லோரும் செய்வது.

மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டியும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் அதுவும் நின்றுவிடும். சிலிக்காவுக்குக் கரண்ட் தேவையில்லை.

பாண்டிருப்பு மதி எழுதியது:

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. என்னிடமும் இரண்டு பைரைட் அமோனைட் இருக்கின்றன. நிறமில்லாத நகப்பூச்சு அடித்து மேசையில் வைத்திருக்கிறேன். மூன்று மாரி போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சேர்ப்பது எதற்கு? பார்க்கத்தானே?

ஏறாவூர் சேர் எழுதியது:

மதி, உங்கள் கல் நல்ல இறுக்கமான பைரைட்டாக இருக்கலாம். அப்படியானவை எதுவும் பூசாவிட்டாலும் நிற்கும். பூச்சு காப்பாற்றியது என்று அதில் இருந்து முடிவெடுக்க முடியாது. பூசிய ஒன்றும் பூசாத ஒன்றும் ஒரே கல்லின் இரண்டு பாதியாக இருந்தால்தான் அது சோதனை.

நகப்பூச்சோ வார்னிஷோ நீராவியை முழுதாகத் தடுக்காது. மெதுவாக்கும், அவ்வளவுதான். உள்ளே ஏற்கெனவே ஈரமோ சல்பேற்றோ இருந்தால் அதை உள்ளே வைத்து மூடிவிடுவீர்கள். வெளியே மின்னும், உள்ளே தாக்கம் நடக்கும். ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து தோல் உரியும். அப்போது பொடியைத் தட்டவும் முடியாது, மருந்து போடவும் முடியாது. தேங்காயெண்ணெய் இன்னும் மோசம். அது நாள் செல்ல பழுதாகி ஒட்டும், தூசி பிடிக்கும், பிறகு செய்யும் எந்தப் பராமரிப்பையும் தடுக்கும்.

நூதனசாலைகளில் பரலோயிட் பி-72 என்ற பிசினை அசற்றோனில் கரைத்துப் பூசுவார்கள். அது வெடிப்பைப் பிடித்து வைப்பதற்கு. வேண்டுமானால் அசற்றோனாலேயே திரும்பக் கழற்றலாம். ஈரத்தைத் தடுப்பதற்கு என்று அதை யாரும் நம்புவதில்லை. அங்கேயும் கல்லைக் காப்பாற்றுவது உலர்ந்த அறையும் உலர்ந்த பெட்டியும்தான். வெளிநாட்டில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் உள்ளே காற்று தானாகவே காய்ந்துவிடும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே மேசையில் நிற்கும் கல்லை இங்கே மேசையில் வைக்க முடியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவான பெட்டி வாங்குங்கள். மூடியபடியே பார்க்கலாம்.

பாண்டிருப்பு மதி எழுதியது:

சரி சேர், தெளிவான பெட்டி என்றால் எனக்குச் சம்மதம். ஒரு கேள்வி. வறுத்த அரிசி போட்டால் சிலிக்காவுக்குப் பதிலாக ஆகாதா? உப்புப் போத்தலுக்குள் அம்மா அதைத்தான் போடுவா.

கல்முனை ஸ்டூடியோ எழுதியது:

உப்புப் போத்தலுக்கு ஆகும் தங்கச்சி. லென்சுக்கு நாங்கள் செய்து பார்த்தது, ஈரமானி 60க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு வண்டும் வந்தது. கல்லுக்கும் வேண்டாம்.

வந்தாறுமூலை மாணவன் எழுதியது:

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறேன். இந்த இழையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பைரைட் உண்டான விதம் நாங்கள் தினம் கால் வைக்கும் சேற்றில் இன்றும் நடக்கிறது.

வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்கு அடியில் கால் புதைந்தால் கறுத்த சேறு வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேல் தோலுக்குக் கீழே அந்தச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் ஒருவகைப் பற்றீரியா கடல்நீரில் உள்ள சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து, உக்கும் இலைதழையைத் தின்று, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். நாற்றம் அதுதான். சேற்றில் உள்ள இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு இரும்புச் சல்பைட்டு, பிறகு மெதுவாகப் பைரைட்.

அமோனைட்டுக்கும் இதேதான் நடந்தது. கணவாயின் உறவான பிராணி. ஓட்டின் கடைசி அறையில் உடல் இருக்கும், உள்ளே உள்ள பழைய அறைகள் வெறுமையாக, மிதப்பதற்கு. செத்து ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் இறங்கியதும் வெளி அறைக்குள் சேறு புகுந்தது. உள் அறைகள் சுவர் போட்டு அடைத்திருந்ததால் சேறு புகவில்லை, நீர் மட்டும் ஊறியது. அந்த வெற்றிடங்களில் பைரைட் வளர்ந்து நிரம்பியது. மேலே படிவு ஏறி அழுத்தியபோது சேறு நிறைந்த வெளி அறை நசுங்கிப்போனது, பைரைட் நிரம்பிய உள் சுற்றுகள் நின்றன. உங்கள் கற்கள் ஏன் சின்னவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல நேரம் கையில் இருப்பது பெரிய அமோனைட்டின் நடுப்பகுதி மட்டும்.

கல்லின் பக்கத்தைக் கையாடியால் பாருங்கள். இலை நரம்பு மாதிரி வளைந்து நெளிந்து கோடு போகும். அது அறைச்சுவர் ஓட்டில் ஒட்டிய இடம். அந்தக் கோட்டின் வடிவத்தைக் கொண்டே இனத்தைப் பிரிக்கிறார்கள்.

இன்னொன்று. இறால் குளம் வெட்டக் கண்டல் நிலத்தைப் புரட்டிப் போட்டால் கறுத்த மண் காற்றுப் பட்டுப் பழுப்பாகி, நீர் புளித்து, சுண்ணாம்பு கொட்ட வேண்டி வரும். அக்காவின் அலுமாரிக்குள் நடந்ததும் அதே தாக்கம்.

கல்லடிக்காரி எழுதியது:

தம்பி, கையாடியால் பார்த்தேன். அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. இத்தனை நாள் அதைக் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன். மிக்க நன்றி.

திருக்கோவில் ஆள் எழுதியது:

எங்கள் பக்கம் கடற்கரை மணலில் பொன்னாக மின்னும் துகள் இருக்கிறது. மலைப்பக்கம் கல் உடைக்கும் இடத்தில் மஞ்சள் மினுமினுப்பும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் மறுகா இங்கேயும் அமோனைட் கிடைக்குமோ? அம்பாறைக்குள் எங்கே தேடலாம்?

ஏறாவூர் சேர் எழுதியது:

தம்பி, கிடைக்காது. ஏன் என்பது சுவையான விஷயம், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மட்டக்களப்பும் அம்பாறையும் நிற்பது விஜயன் தொகுதி என்ற பாறையில். கேம்பிரியனுக்கு முந்தியது. பூமிக்கு அடியில் வெந்து, நெரிந்து, உருமாறியது. அமோனைட் என்ற பிராணி பிறப்பதற்கு மிக முன்பே இந்தப் பாறை உண்டாகி முடிந்துவிட்டது. ஜுராசிக் கடல் சேறு படிந்து கல்லாக இருந்தால்தான் அதற்குள் அமோனைட் இருக்கும். நம் கரையில் அப்படி ஒரு படிவு வெளியே இல்லை. குடும்பிமலையும் அப்படியான பழைய பாறைதான். மணலில் பொன்னாக மின்னுவது பெரும்பாலும் அழிந்த கருங்கல்லில் இருந்து வந்த மைக்கா. ஊசியால் தொட்டால் ஏடு ஏடாகப் பிரியும், பைரைட் அப்படிப் பிரியாது. திருக்கோவில் மணலில் சிவப்பாகத் தெரிவது கார்னெட், கறுப்பு இல்மனைற். அவையும் சேர்க்கத் தகுந்தவைதான். ஒரு சோதனைக் குழாயில் அடுக்கு அடுக்காக நிரப்பிப் பாருங்கள்.

இலங்கையில் உயிர்ச்சுவடு வேண்டுமானால் யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணக்கல்லில் சிப்பியும் பவளமும் இருக்கின்றன. புத்தளம் பக்கம் தப்போவையில் ஜுராசிக் காலப் படிவு இருக்கிறது, ஆனால் அது தரையில் படிந்தது. இலையும் தண்டும்தான் அதில் கிடைக்கும். இரத்தினபுரி இரத்தினக்கல் மண்ணில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் எடுத்திருக்கிறார்கள்.

அமோனைட்டைத் தமிழர் நிலத்தில் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டு அரியலூருக்குப் போக வேண்டும். ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவு. 1860களில் ஸ்டொலிச்கா என்ற ஆய்வாளர் அங்கே எடுத்த அமோனைட்டுகளை விவரித்து எழுதினார். இன்று சீமெந்துக்குச் சுண்ணக்கல் வெட்டும் அதே நிலம். அங்கே பைரைட்டில் கிடைப்பது குறைவு, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான். எங்கள் காற்றுக்கு அது நல்லது, உதிராது!

ஓட்டமாவடி வாசகன் எழுதியது:

இணையத்தில் பைரைட் அமோனைட் என்று நிறைய விற்கிறார்கள். சிலது சந்தேகமாக இருக்கிறது. வாங்கலாமா?

லண்டன் மட்டுநகரான் எழுதியது:

வாங்கலாம், கவனமாக. கையில் பாரம் தெரிய வேண்டும். கத்தி நுனியால் அடியில் கீறிப் பாருங்கள். பித்தளை வார்ப்பு கீறுப்படும், பைரைட் கீறுப்படாது. தரைக்குப் பதிக்கும் ஓட்டுத் துண்டின் மினுக்கமில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். பிசினால் செய்து பொன்வண்ணம் அடித்தது பாரமே இருக்காது.

ரஷ்யாவின் வொல்கா ஆற்றுப் பக்கத்தில் இருந்து இரண்டாகப் பிளந்து மினுக்கிய பைரைட் அமோனைட்டுகள் வருகின்றன, மிக அழகு. மடகஸ்காரில் இருந்து வருபவை பெரும்பாலும் கல்சைற் என்ற சுண்ணாம்புக் கனியம், பைரைட் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். பழுப்பு நிறத்தில் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். அது நிலத்துக்குள்ளேயே பைரைட் ஒட்சியேற்றப்பட்டு லிமனைற் என்ற துரு போன்ற கனியம் ஆனது. அந்தத் தாக்கம் அங்கேயே முடிந்துவிட்டதால் மட்டக்களப்பிலும் நிற்கும். தொடக்கச் சேகரிப்புக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

பாண்டிருப்பு மதி எழுதியது:

ஒரு கேள்வி மனதில் நிற்கிறது. இந்தக் கல் இங்கே உதிரும் என்று தெரிந்தும் அங்கிருந்து எடுத்து வருவது சரியா? அங்கேயே விட்டால் என்ன?

லண்டன் மட்டுநகரான் எழுதியது:

கடற்கரையில் விட்டால் கூழாங்கல்லோடு உருண்டு தேய்ந்து போகும். அலை எடுப்பதை நாங்கள் எடுக்கிறோம். அந்த வகையில் எனக்குச் சங்கடம் இல்லை.

ஏறாவூர் சேர் எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலையில் இருந்து காப்பாற்றி, எங்கள் மாரியில் விட்டால் கணக்கு நேராகிவிடும். வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் கல் கொண்டுவரும் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கல்லோடு சேர்த்து இறுக்கமான பெட்டியும் ஈரமானியும் கொண்டுவாருங்கள். சொக்லட் குறைத்தாலும் பரவாயில்லை. எங்கே, எந்த மாதம் எடுத்தது என்ற குறிப்பையும் தாருங்கள். இடம் தெரியாத உயிர்ச்சுவடு பாதிப் பெறுமதிதான்.

வாழைச்சேனை மகள் எழுதியது:

தலைப்புக்கு வெளியே என்றால் மன்னியுங்கள். அம்மம்மாவின் சுவாமித் தட்டில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. யாத்திரை போன உறவினர் கொண்டுவந்து கொடுத்தது. கறுப்புக் கல், ஒரு பக்கம் சிறு துவாரம், உள்ளே சுருளும் பொன் மினுக்கமும் தெரியும். அம்மா தினமும் தண்ணீர் வார்த்துத் துளசி வைப்பா. இங்கே எழுதியதை வாசித்துப் பயந்துவிட்டேன். இதுவும் பைரைட்டா?

ஏறாவூர் சேர் எழுதியது:

தலைப்புக்குள்தான் மகள். சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. ஜுராசிக் கடைசிக் காலத்துக் கரும் களிக்கல்லில் உருண்ட முண்டுகள், உள்ளே அமோனைட். அந்தச் சேறு படிந்த கடல் பிறகு இமயமாக உயர்ந்தது. பொன்னாகத் தெரிவது பெரும்பாலும் பைரைட்.

பயப்பட வேண்டாம். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வந்தும் நிற்கும் கல் அது, இறுக்கமானது, பைரைட்டும் உள்ளே அடைந்திருக்கிறது. அம்மாவின் பூசையை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, மாற்றவும் தேவையில்லை. அபிஷேகம் முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியால், துவாரத்தின் வாயையும் சேர்த்து, ஒற்றி எடுத்துக் காற்றோட்டமாக வைத்தால் போதும். ஈரத் துளசியோடு மூடிய பேழைக்குள் வைக்க வேண்டாம். துவாரத்தின் வாயில் வெள்ளை மா தெரிந்தால் எழுதுங்கள்.

வாழைச்சேனை மகள் எழுதியது:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன் சேர். ஒற்றி எடுப்பது ஏற்கெனவே செய்வதுதானாம். பேழை மூடியை மட்டும் திறந்து வைப்பதாகச் சொன்னா.

கல்லடிக்காரி எழுதியது:

பெட்டி வாங்கி, சிலிக்காவும் போட்டாயிற்று. ஈரமானி உப்புச் சோதனையில் 72 காட்டியது, ஆகவே மூன்றைக் கூட்டி வாசிக்கிறேன். இப்போது பெட்டிக்குள் 41 நிற்கிறது. நோய் பிடித்த மூன்றையும் என்ன செய்வது? அமோனியா ஆவியில் வைத்தால் குணமாகும் என்று எங்கோ வாசித்தேன்.

ஏறாவூர் சேர் எழுதியது:

41 அருமை. களிக்கல்லோடு ஒட்டியிருக்கும் துண்டு ஏதும் இருந்தால் அதை மட்டும் ஒரேயடியாக உலர்த்தாதீர்கள். களி சுருங்கி வெடிக்கும். முதல் வாரம் சிலிக்காவைக் குறைத்துப் போட்டு மெல்ல இறக்குங்கள்.

அமோனியா அமிலத்தை நடுநிலையாக்கும், சல்பேற்றை எடுக்காது. கல் பழுப்பாகும். நூதனசாலைகளில் எதனோலமீன் தயோகிளைக்கொலேற்று என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். அது சல்பேற்றைக் கரைத்து எடுக்கும், இரும்பு பட்டதும் ஊதா நிறமாகும். இரண்டும் ஆவி வெளியேற்றும் ஆய்வுகூட வசதியோடு செய்ய வேண்டியவை. வீட்டுக் குசினியில் வேண்டாம். வினாகிரி, அப்பச்சோடாக் கரைசல் இரண்டும் வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடியது இதுதான். வெளியே காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டு, உலர்ந்த விறைப்பான பல்துலக்கியால் பொடியைத் தட்டி எடுங்கள். கையுறை போடுங்கள். பொடி விழுந்த கடதாசியை எறியுங்கள். பிறகு தனிப் பெட்டியில், நிறையச் சிலிக்காவோடு, 30க்குக் கிட்ட வையுங்கள். பழைய பஞ்சைத் திரும்பப் பாவிக்காதீர்கள், அமிலம் ஊறியிருக்கும். வெடித்த கல்லை ஒட்ட அவசரப்பட வேண்டாம். வெடித்த முகத்தில் அறைச்சுவர்கள் வரிசையாகத் தெரியும், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல துண்டு இல்லை. கல் எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், மாரிக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க.

பெயர்த்துண்டைக் கல்லுக்கு அடியில் வைக்காமல் சின்ன பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து அதே இலக்கத்தில் கொப்பியிலும் எழுதினால் துண்டு போனாலும் தகவல் போகாது.

கல்முனை ஸ்டூடியோ எழுதியது:

ஒன்று விடுபட்டது. ஏசி அறையில் இருந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கல்லில் நீர் வேர்க்கும். அரை மணித்தியாலம் மூடியபடி விட்டுத் திறங்கள்.

படம் எடுப்பதானால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்முனைக்குக் கொண்டுவாருங்கள் தங்கச்சி. அறைச்சுவர்க் கோடு தெரியும் மாதிரிச் சாய்வு வெளிச்சம் போட்டு எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

கல்லடிக்காரி எழுதியது:

கட்டாயம் வருகிறேன் நானா. மதி அக்காவும் அவவின் இரண்டு கற்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறா.